முப்பத்தோராம் பக்கம், மூன்றாம் கட்டம்

தீபோ லியோனிலிருந்து கோடுகளை மட்டும் அனுப்புகிறான்.
வெள்ளைத் தாளில் கறுப்பு மை.
பாலம், பனி, பாலத்துக்குப் பின்னால் மலை,
எல்லாம் ஒரே கனம், ஒரே அவசரம்.
மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறானாம்.
தடிப்பும் மெலிவும் இனி உன் பாடு என்கிறான்.

செமுனில், தன்யூப் கரையில், மூன்றாம் மாடியில்
நான் அந்தக் கோடுகளுக்கு இடையே காற்றை ஊற்றுகிறேன்.
பக்கத்துக்கு இத்தனை யூரோ என்று கணக்கு.
காற்றுக்குத் தனி விலை கிடையாது.

தொலைவைக் காட்டச் சின்னதாக வரைந்தால் போதும் என்பார்கள்.
போதாது.
விட்டுக்கொடுக்க வேண்டும்.
மலை முதலில் தன் பச்சையை விடும்,
பிறகு மடிப்புகளை,
கடைசியில் மலை என்கிற வீம்பையும் விட்டுவிட்டு
வானத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கறையாகச் சம்மதிக்கும்.
அருகில் இருப்பவைதாம் அடம் பிடிக்கும்:
கைப்பிடிக் கம்பியின் துரு,
லாந்தரைத் தூக்கிப் பிடித்த பாலக் காவலனின்
வெளிச்சம் ஊடுருவிச் சிவந்த காது.

நிழல் என்றதும் கறுப்பை எடுப்பவர்களை நான் நம்புவதில்லை.
பனியில் விழுவது நீலம்.
முட்டைக்கோஸ் வண்டிக்கு அடியில் விழுகிற நிழலில்
கொஞ்சம் முட்டைக்கோஸ் இருக்கும்.
என் பெயர் சென்கா;
எங்கள் மொழியில் நிழல் என்று பொருள்.
பெயர் வைத்த அப்பா
தெருவிளக்கு பழுதுபார்ப்பவர்.

மூன்றாம் கட்டத்தில், பாலத்தின் மறுமுனையில், ஒருத்தி.
சுண்டுவிரல் நகத்தில் பாதி உயரம். முகம் இல்லை.
ஓரக் குறிப்பில் ஒரே சொல்: போகிறாள்.

போக வைத்தேன்.
சால்வையின் செங்கல் நிறத்தைப் பிழிந்து எடுத்தேன்.
மேலே ஒரு வெளிர்நீல அடுக்கு,
அதன்மேல் இன்னொன்று, பதினெட்டு விழுக்காடு.
ஆனாலும் மிதந்தாள்,
கொடியிலிருந்து பறந்துபோன துணி மாதிரி.
காலடியில் நிழல் வைக்க மறந்திருக்கிறேன்!
ஒரு கீற்று இழுத்தேன். உடம்புக்குப் பாரம் வந்தது.
இரவு பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் தீபோ:
கதை எழுதியவர் சொல் மாற்றிவிட்டார்.
அவள் போகவில்லை, வருகிறாள்.
கோட்டில் திருத்த ஒன்றுமில்லை, நீ பார்த்துக்கொள்.

ஒன்றுமில்லைதான்.
அவ்வளவு சின்ன உருவத்துக்கு
முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது.

அடுக்குகளை உரித்தேன்.
சால்வைக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுத்தேன்,
முழுவதும் அல்ல, பாதி வழிக்கு உண்டானது.
காவலனின் லாந்தரிலிருந்து ஒரு சொட்டு மஞ்சளைக் கிள்ளி
அவள் தோளில் வைத்தேன்.
நிழலை முதுகுப்பக்கம் தள்ளினேன்.
அப்போதும் அசையவில்லை.
அரைமணி நேரம் தோளோடு மல்லுக்கட்டிவிட்டு
மலையை இன்னும் கொஞ்சம் வெளுக்கச் செய்தேன்.
ஒருத்தி நெருங்க வேண்டுமானால்
யாராவது விலகித்தானே ஆக வேண்டும்.
வந்தாள்.

திருத்தத்துக்குக் கூலி இல்லை. ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.
ஆற்றுத் தீவின் மரங்களைக் காணோம்,
அக்கரை பெல்கிரேடையும் காணோம்.
படித்துறை வில்லோ மட்டும், ஈரக் கறுப்பில்,
நானாவது இருக்கிறேனே என்று நிற்கிறது.
அதற்கப்பால், சாம்பலுக்குள் சாம்பலாக ஓர் ஆள்.
போகிறாரா, வருகிறாரா?
என்னிடம் உரிக்க அடுக்கு எதுவும் இல்லை.
காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது முகமல்ல, தொப்பியல்ல.
பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த
வெங்காயத்தாளின் பச்சை.