சிலந்தி இருந்த குழாய்

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
பார்பிக்யூ அடுப்பும் வீட்டோடு விலைபோயிற்று.
ஆனாலும் ஓரெஸ்ட்
முட்டிபோட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்,
கம்பிவலையில் ஒட்டிய ஆகஸ்ட்டை.

சாஸ்கட்டூனில் முதல் பனி
விழலாமா என்று யோசிக்கிறது.

சிலிண்டரைக் கழற்றி
வேலியோரம் நிறுத்தினார்.
பர்னர் குழாய்க்குள் கம்பியை விட்டால்
பஞ்சுபோல் ஏதோ தடுத்தது.
பழைய சிலந்திக் கூடு.
லோரேன் இருந்த கடைசிக் கோடையில்
ஒரு பக்கம் கருகி
ஒரு பக்கம் வேகாத இறைச்சிக்கு
அவளைத்தான் திட்டியிருந்தார்.

எண்ணெய் பூசி, உறை மாட்டி,
வாங்கியவர்களுக்கு ஒரு சீட்டு எழுதினார்:
'இடப்பக்கத் திருகு அடம்பிடிக்கும்,
அழுத்தித் திருப்புங்கள்.
சிலிண்டரை நிலவறையில் வைக்காதீர்கள்.
வசந்தத்தில் குழாயைப் பாருங்கள்,
யாரையும் திட்டுவதற்கு முன்.'

கடைசி வரியை அடித்தார்.
படிக்கும்படிதான் அடித்திருந்தார்.