இருபதாவது மணி

புந்தா அரேனாஸில் காற்று ஜன்னலை உலுக்குகிறது.
திரையில் எலெயூத்தேரியோவின் வயிறு:
சாம்பல் நிறத்தில் மூன்று தசைப் பாய்கள்.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
ஊசியை நிறுத்தி மருந்தைத் தள்ளினேன்.
கறுப்பாய் ஒரு கண் திறந்தது.

மாலையில் இருமச் சொன்னேன்.
இருமினார். கட்டின் மேல் விரல் வைத்து
"இது யார் வயிறு?" என்றார்.
நண்டுக் கூடை இழுத்த கதைகள்,
பக்கத்துக் கட்டில்காரருக்கு
வெட்டிய குடலின் நீளத்தை
முழம்போட்டுக் காட்டல்,
ஒரே சிரிப்பு.

விடியுமுன் அழைப்புமணி.
மரத்த இடம் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டிருந்தது.
பல்லைக் கடித்தபடி
"வந்துவிட்டது" என்றார்,
பிந்திய படகைக் கரையில் நின்று கண்டவர் போல.

மாத்திரையை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"கொஞ்சம் பொறுங்கள், டாக்டர்.
எதை எடுத்தீர்கள் என்று
இப்போதுதான் தெரிகிறது."

பிறகு
தண்ணீர் கேட்டார்.