மின்கம்பத்து முசுட்டை

பெரியாம்பட்டி தாண்டி, மாந்தோப்புக்குள்
ஒண்டியாய் ஒரு காவல் வீடு.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ரீடிங் எடுக்கப் போவேன்.
அங்கேதான், கம்பத்தின் ஸ்டே கம்பியைச் சுற்றி
ஏறிக்கொண்டிருந்தது.

லைன்மேன் தீர்த்தகிரி அறுத்துப் போடுவார்.
மழை விழுந்தால் மறுபடி ஏறும்.
"இதுக்கு மட்டும் ஷாக் அடிக்காது போல, மேடம்."

இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளிப் பூனைமுடி.
பூவை நான் பார்த்ததில்லை.
பகல் பதினோரு மணிக்குப் போகிறவளுக்கு அது
மூக்கு சிந்திப் போட்ட காகிதம் மாதிரி
தொங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று.

தை மாதம் காய் காய்ந்திருந்தது.
உடைத்து, நாலு விதையை
மிஷின் உறைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

காரிமங்கலத்தில் வாடகை வீடு.
பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி:
பாறை, பழைய டைல்ஸ் சில்லு,
நடுவில் கொஞ்சம் செம்மண்.
போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு பூக்கும்.
ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை,
அதுவும் குடிக்க.

மூன்று விதை முளைக்கவில்லை.
நாலாவதைத் துவைக்கிற கல்லில் தேய்த்தேன்,
கருப்புத் தோலில் வெளுப்பு தெரிகிற வரை.
வெந்நீரில் ஓர் இரவு.
ஒன்பதாம் நாள் மண் லேசாக விரிந்தது.

வீட்டுக்காரம்மா கெம்பம்மாள் எட்டிப் பார்த்தார்.
"வேலியில தானா வர்றதுக்குப் பந்தலா?
பருப்புல போட்டாத்தான் இது நல்லாருக்கும்.
சம்பங்கி வை. நாலு காசாவது பார்க்கலாம்."

முதல் வருடம் ஊற்றினேன்.
அரிசி கழுவிய நீர், பாத்திரம் அலம்பிய நீர்,
வாட்டர் பில்டர் கழித்துத் தள்ளும் நீர்.
கொடியில் இலை, இலைமேல் இலை,
உள்ளங்கையை மிஞ்சிய இலை.
மொட்டு ஒன்றும் இல்லை.
கெம்பம்மாள் சொன்னபடி பருப்பில் போட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

மறு வருடம் சித்திரையில்
மொரப்பூர் ரோட்டில் நாய் துரத்தி வண்டியோடு விழுந்தேன்.
கணுக்காலில் மாவுக்கட்டு.
ஓசூரில் அண்ணன் வீடு, மூன்றாம் மாடி, எழுபது நாள்.
யாரிடமும் ஊற்றச் சொல்லவில்லை.
மறந்துவிட்டேன், அதுதான் உண்மை.

திரும்பி வந்தபோது பந்தலில் இருந்தது கயிறு.
நகத்தால் சுரண்டினேன்.
பச்சை.
சுரண்டியது வலித்திருக்குமோ என்று
பைத்தியம் போல் ஒரு நினைப்பு.

அதன் பிறகு ஒரு சொட்டும் ஊற்றவில்லை.
மழை ஊற்றியதுதான்.

ஐப்பசி. ஆறு இருபதுக்குத் தெருவே அணைந்தது.
என் நம்பரை யார் யாருக்கோ யார் கொடுத்தார்களோ,
நானே பிடுங்கிவிட்ட மாதிரி கேட்பார்கள்:
"கரண்ட் எப்ப மேடம் வரும்?"
போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

திருகி மடக்கிய குடை போல ஒரு மொட்டு
அசைந்தது. காற்று இல்லை.
கொஞ்சம் அவிழ்ந்து, சிக்கி, நின்றது,
துருப்பிடித்த பூட்டில் சாவி நிற்பது போல.
நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன்.
பிறகு ஒரே உதறல்.
வெள்ளை.
இருட்டில் தட்டு தட்டாக, ஒன்பது எண்ணினேன்.
பல்வலிக்கு வைப்பார்களே, அந்தக் கிராம்பு வாசனை.

எங்கிருந்தோ ஓர் அந்துப்பூச்சி,
குண்டாக, அவசரமாக.
பூவில் உட்காரவில்லை.
அந்தரத்தில் நின்றபடி
தன்னைவிட நீளமான நாக்கை நீட்டியது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்.
வந்துடுச்சு," என்றேன்.

"இல்லையே, இங்க இன்னும் வரலையே."

கார்த்திகையில் தீர்த்தகிரியைப் பார்த்தபோது சொன்னேன்:
அறுக்கறதா இருந்தா ராத்திரி ஏழு மணிக்கு வந்து அறுங்க.
"இருட்டுல எந்தக் கம்பத்துல ஏறச் சொல்றீங்க?"
சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ரீடிங்.
காவல் வீட்டுக் கம்பத்தில் கொடி அறுபட்டிருந்தது.
அடியில் ஒரு முழம் மட்டும் மிச்சம்.
விட்டாரா, அரிவாள் எட்டவில்லையா,
நான் கேட்கவில்லை.
எண்ணைக் குறித்தேன்: நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.