பார்

கொதிகலனின் அழுத்தமானியில்
முள்ளின் அடிவயிற்றுக்கு நேரே
ஓர் ஆறு, ஒரு ஏ, ஒரு பி.
பதினாறு வருசமாக அப்படித்தான் படித்தோம்.
குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
இரவு இரண்டு மணி, இருபத்தொன்று, ஆறு ஏ பி.
என்ன ஆறு என்று யாரும் கேட்டதில்லை.
எங்கோ மூடிய தொழிற்சாலையிலிருந்து
பழைய இரும்பு விலைக்கு
பெந்தா செம்பனை ஆலைக்கு வந்த கொதிகலன் அது.

டர்பைன் படுத்துக்கொண்ட மாதம்
கஸக்ஸ்தானிலிருந்து நூர்போலாத் வந்தார்.
பதினோரு நாள்.
மூன்று வேளையும் ரொட்டி சானாய்,
பருப்புக் கறி வேண்டாம், சீனி போதும்.
கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னார்:
இது ஆறில்லை, ப. கடைசியில் இருப்பது பி இல்லை, ர்.
பார்.
பார்த்தேன்.
இல்லை, இல்லை, வாசி. பார்.
பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.
குணாளன் சிரித்த சிரிப்பில்
காதடைப்பான் கழன்று எண்ணெய்க் குழியில் விழுந்தது.

அழுத்தத்தின் அளவாம் அது.
எடை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம்.
அப்படியானால் நம் பாரத்துக்குச் சொந்தம் என்று
அவசரப்பட்டு மகிழ்ந்தேன். இல்லையாம்.
அதன் கூடப் பிறந்தது, கனம் என்று பொருள்படும் குரு.
ஃபோர்மன் குருநாதனிடம் போய்ச் சொன்னேன்.
வயிற்றைத் தடவிக்கொண்டு
யாருடி உனக்குச் சொன்னது என்றார்.

ஊரிலும் ஒரு பார் உண்டு,
லாரி டயர்க் கடைக்குப் பக்கத்தில்.
பலகையில் பார் என்று மட்டும்தான் இருந்தது.
யாரோ கரிக்கட்டையால்
த்துப் போ
என்று சேர்த்துவிட்டார்கள்.
சம்பள நாளில் என் தம்பி
அதைப் படிக்காமலேதான் உள்ளே போகிறான்.

ஒன்பதாம் இரவு
பதினாலாம் பிளாக்கில் தடம் கண்டதாகச் சொன்னார்கள்.
வனவிலங்கு இலாகா நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை,
குளத்துப் பம்பைப் பார்க்கத்தான் வேண்டும்.
குணாளன் ஓட்ட, நடுவில் நான், ஜன்னலோரம் அவர்.
உதிர்ந்த பழங்களின் புளித்த வாசம்.
திருப்பத்தில் அவர் கை என் முழங்கையைப் பிடித்தது.
மெதுவாக,
பார்
என்றார்.

பார்த்தோம்.
வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு நடுவே
இரண்டு பச்சைத் துளி.
அவை எங்களைப் பார்த்து முடித்தபின்
தாழ்ந்து, திரும்பி, இல்லாமல் போயின.
குணாளன் விளக்கை அணைக்கவும் மறந்து
இஞ்சினை அணைத்திருந்தான்.

வியாழக்கிழமை நூர்போலாத் போய்விட்டார்.
இரவு ஷிப்டில், சூடு தாங்காத நேரத்தில்
போனில் தேடத் தொடங்கினேன்.
அதே மூன்றெழுத்து, அதே ஆறு ஏ பி.
செர்பியாவில் அது: குறைந்தபட்சம்.
பாரசீகத்திலிருந்து துருக்கி வழியே
நடந்து களைத்த சொல்.
தஜிக்கில்: கனி.
ஒவ்வொரு குலைக்கும் சீட்டு எழுதும்
எங்கள் கிராணிக்கு இது பிடிக்கும்.
ரஷ்யாவில் என் தம்பி போகும் இடம்,
குறுக்கே போட்ட கட்டையிலிருந்து
இங்கிலீஷில் பிறந்தது.
மங்கோலியாவில்

புலி.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வாசல் கதவைப் பூட்டினேனா என்று போய்ப் பார்த்தேன்.
பிறகுதான் அவர் மொழி நினைவு வந்தது.
கஸக்கில் பார் என்றால் உண்டு, இருக்கிறது.
அடுத்த வரியில் இன்னொன்று:
போ.

அன்றைக்கு அவர்
இருக்கிறது என்றாரா, போய்விடு என்றாரா?
நாங்கள் கேட்டது எங்கள் சொல்லை,
செய்தது நாங்கள் கேட்டதை.
அவர் நம்பர் இருக்கிறது. கேட்கவில்லை.

குறிப்பேட்டில் இப்போது தமிழிலேயே எழுதுகிறேன்:
இரவு இரண்டு மணி. இருபத்தொன்று பார்.
ஆடிட்டர் அதைச் சிவப்பில் சுழித்துவிட்டுப் போயிருக்கிறார்.
குளத்துப் பக்கம் வண்டி திரும்பும்போது
குணாளன்
என் பக்கத்து ஜன்னலையும் எட்டி ஏற்றிவிடுகிறான்.