பதினான்கு நாள்

எங்கே சாப்பிடலாம் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
மாநகர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவில் பதினொரு வருடம்.
ஜார்ஜ்டவுனின் அடுப்படிகளுக்குள்
பின்வாசல் வழியாகவே போய் வருகிறவள் நான்.

சூலியா தெருவில் நீங்கள் வரிசை கட்டி நிற்கும் கடையில்
மீன்தலைக் கறியைவிட
சாக்கடை மூடியோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம்.
பீச் தெருவில், ஆளுயரக் கண்ணாடி வைத்த
புதுக் கோப்பிக் கடையில்
ஐஸ் பெட்டிக்கு அடியில்
ஓர் எலி குடித்தனம் நடத்தியது.
பிள்ளைகள் ஐந்து.
கெம்பல் தெருவில் வாத்துச் சோறு விற்கும் ஆ சூன்
என் காலணிச் சத்தம் கேட்டதும்
தொப்பியைத் தேடுவார்.
கிடைக்காது.
சிவப்பு நெகிழிப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
முடிசூடிய மன்னர்போல் நிற்பார்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
‘பி’ போட்டுவிட்டு வந்தேன்.

கல்யாண வீட்டிலும் இதே கேள்விதான்.
ஈப்போ மைத்துனர், கிள்ளான் சம்பந்தி,
யாரென்றே தெரியாத ஒரு சித்தப்பா:
“உனக்குத் தெரியாத கடையா?
நல்ல நாசி கண்டார் எங்கே, சொல்லேன்.”
நல்ல என்றால் என்ன?
ருசியா, தரையா?
இரண்டும் சேர்ந்து குடியிருக்கும் முகவரிகள்
என் கோப்பில் மூன்றுதான்.
அதிலும் ஒன்று
வெள்ளிக்கிழமை விடுமுறை.

குயின் தெரு முனையில்
கோயில் மணியும் கைப்பேசிக் கடைப் பாட்டும்
முட்டிக்கொள்கிற இடத்தில்
தவமணியின் தோசைக் கடை.
நான்கு மேசை. ஒரு மின்விசிறி,
கழுத்து சுளுக்கி
வலப்பக்கம் மட்டுமே பார்க்கும்.
போன மார்ச்சில் அதை மூடினேன்.
கரப்பான். மூடாத மாவு. காலாவதியான ஊசி அட்டை.
பதினான்கு நாள்.
ஆணைத் தாளைக் கதவில் நானே ஒட்டினேன்.
கோணலாகிவிட்டது.
அவள் வந்தாள்,
தாளைப் பிரித்து
நேராக ஒட்டிவிட்டு உள்ளே போனாள்.
ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பதினான்கு நாளும்
துறைமுகத்தில் இரவு வேலை முடித்தவர்கள்
பழக்கத்தில் கால் இழுத்து வந்து
பூட்டின் முன்னே நின்று
தாளை வாசித்துவிட்டுத் திரும்பினார்கள்.
அதில் என் பெயர் இல்லை, கையெழுத்து மட்டும்.
இருந்தும் நான்
எதிர்ச் சாரியில் நடந்து பழகிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள், விடிந்தும் விடியாமல்
மறு பரிசோதனை.
முதல் படகின் சங்கு ஊதுகிறது.
தரையில் குளோரின் நெடி.
மாவுக்கு மூடி, கூந்தலுக்கு வலை,
அட்டையில் புதுத் தேதி.
அலமாரிக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தேன்.
சுவர்தான் இருந்தது, சும்மா.
மின்விசிறி இன்னும் வலப்பக்கமே.
அதற்குச் சட்டம் கிடையாது.

கோப்பை மூடும்போது
“பசியாறிட்டீங்களா?” என்றாள்.

பதினொரு வருடத்தில்
எந்தக் கடையிலும் கேட்டதில்லை இதை.
கையூட்டாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு.
எனக்கும்.
“இன்னும் இல்ல”
வாய் முந்திக்கொண்டது.

இரண்டு தோசை, ஓரம் கருகல்.
சட்னியில் உப்பு ஒரு கல் கூடுதல்.
தே தாரிக்கை மட்டும்
என் கண்ணையே பார்த்தபடி இழுத்தாள்,
கை உயர உயர,
ஒரு சொட்டு சிந்தாமல்.
நுரை மேலுதட்டில் ஒட்டியதைத்
துடைக்க மறந்து குடித்தேன்.

“அஞ்சு வெள்ளி அறுபது காசு.”
பத்து வெள்ளியை நீட்டினேன்.
மீதி நான்கு நாற்பதை
ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி
மேசையில் வைத்தாள்,
நான்கு மேசையும் சாட்சி.
சிரித்தாளா என்று தெரியவில்லை.
தோசைக்கல் பக்கம் திரும்பிவிட்டாள்.

துறைமுகத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
முதுகுப் பையோடு ஓர் இளைஞன்,
பட்டர்வொர்த் படகில் வந்திறங்கிய முகம்,
என் மேசையருகே தயங்கினான்:
“அக்கா, இங்க எது நல்லாருக்கும்?”

என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
உட்கார்ந்திருந்தது இடப்பக்கம்.
“அந்தப் பக்கம் உக்காரு தம்பி,” என்றேன்,
“காத்து வரும்.”