வடக்கே தலை வைத்து

மணற்காட்டில் நாலு கம்பம், எட்டு வயர்.
கிழக்கு மேற்காய்க் கட்டு என்றாள் எமில்டா:
இங்கே பூமியின் காந்தம்
படுத்துக் கிடக்கிறது,
சொன்னால் கேளாமல் வடக்கே தலை வைத்து.

முதல் கிழமை முழுக்க
ஐஸ் கொம்பனி ஜெனரேட்டர்,
பிறகு ரீகனின் மோட்டார் சைக்கிள் பிளக்.
அழித்தோம்.

வியாழன் இரவு இரண்டு பதினேழு.
ஒன்றையடுத்து ஒன்றாய்க் கம்பங்கள் திடுக்கிட்டன,
ஒரு நொடியைக் கோடியாய் அரிந்த துண்டுக்குள்.
எங்கிருந்தென்று தெரியாத ஒரு துகள்
மிக உயரத்தில் உடைந்து
கொட்டியிருக்கிறது,
சவுக்குக்கும் தகரத்துக்கும் நித்திரைக்கும் ஊடாக.

விடிய அம்மாவிடம் சொன்னேன்,
ராத்திரி வானத்திலிருந்து விழுந்தது என்று.
மீன் கழுவிய கை நின்றது.
"எவடத்தில? ஆருக்கும் காயமோ?"

பதிவேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில்
குறிப்புக்கென்று ஒரு கட்டம்.
இல்லை
என்று எழுதினேன்.