மணிக்கட்டு

தெலுக் பிளாங்கா உணவங்காடியில்
என் தண்ணீர்க் கடைக்கு
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
புரோட்டாக் கடை.
ஒரே ஆலையின் மாவு உருண்டை, ஒரே குழம்பு வாளி.
விடிகாலை லாரியில் வந்து
இரண்டையும் இறக்கிப் போகிறவனும் ஒருவனே.

அன்வர்தீனின் கை மின்விசிறி.
கேட்டு முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும்.
அதனால் அவர் முன்னால் யாரும் நிற்பதில்லை.
யாரும் நிற்காததால்
யாரும் வருவதில்லை.

காசிம்பாய் தீபாவளிக்கு முந்தின வாரம்
ஈரத் தரையில் வழுக்கி
வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார்.
ஒரு புரோட்டாவுக்கு நான்கு நிமிடம்.
இரண்டு பேர் நின்றார்கள், ஆறானது,
ஆறைப் பார்த்து இருபது.
"இத்தனை பேர் சும்மாவா நிக்கிறாங்க?" என்று
ஒரு பெண் படம் பிடித்துப் போட்டாள்.
சனிக்கிழமை பாசிர் ரிஸிலிருந்து
ஒரு மணி நேரம் ரயிலில் வந்த குடும்பம்
முக்கால் மணி நேரம் நின்று
முதல் விள்ளலில் கண்ணை மூடிக்கொண்டது.
அவ்வளவு நின்ற பிறகு
சுமார் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நிற்பவர்களுக்குத் தே ஊற்றி ஊற்றியே
போன மாதம் என் கடன் அட்டையை அடைத்தேன்.

நேற்றிரவு கடை சாத்தும்போது பார்த்தேன்.
காசிம்பாய் எரிவாயுத் தோம்பை
அந்தக் கையாலேயே
அலட்சியமாகத் தூக்கி ஓரம் வைத்தார்.
பிறகு உட்கார்ந்து
புதுக் கட்டு ஒன்றைப் பொறுமையாகச் சுற்றினார்.
ஊக்கு மாட்ட
இன்னொரு கை வேண்டியிருந்தது.

போய் மாட்டிவிட்டேன்.